அரங்கேற்றமும் அச்சேற்றமும்

நூலொன்றை இயற்றுதல் ஒரு தொழில். இயற்றிய நூலை உலகிற்கு உரியதாக்குதல் பிறிதொரு தொழில். முன்னது புலவன் தனித்திருந்து செய்வது. பின்னது அவன் தனித்துச் செய்ய இயலாதது. அதற்குக் கேட்போர் வேண்டும். ஐயம் வினவுவோர் வேண்டும். குற்றங் கண்டவிடத்து இது குற்றமெனக் கூசாது சொல்வோர் வேண்டும். இவ்விரண்டாந் தொழிலை நம் முன்னோர் அரங்கேற்றம் என்றனர். ஏடு மறைந்து தாள் வந்த பின்னர் அச்சேற்றம் அதன் இடத்தைப் பெற்றது. பெயர் மாறியபோது பொருளும் மாறிற்றோ, அன்றி அரங்கேற்றத்தின் உயிர்நிலை அச்சேற்றத்தினுள்ளும் நின்று நிலவுகின்றதோ என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். திருமுறைகளையும் சாத்திரங்களையும் அச்சுப் புத்தகத்தின் வாயிலாகவே ஓதி வருகின்ற நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதையன்று. நாம் ஓதும் பாடம் மெய்ப்பாடந்தானா என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது.

நூல் செய்தற்குரிய முறையைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் விரித்தோதினார். நூலின்கண் விலக்கத்தகும் குற்றம் 10, விளங்கவேண்டும் அழகு 10, கையாளத்தகும் உத்தி 32 என வரையறுத்தமையால், எழுதுதலும் கற்றுப் பயிலத்தக்க ஒரு கலையெனவே பண்டையோர் கருதினர் என்பது போதரும். அவற்றினும் நாம் உற்று நோக்கத்தக்கது சிறப்புப் பாயிரம் பற்றி அவர் கூறும் விதி. செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, அதனைக் கேட்டற்குரியார், அதனால் வரும் பயன் முதலியன அதன்கண் கூறப்படல் வேண்டும். காலம், களம், காரணம் என்பனவும் உடன் சேர்த்தெண்ணப்படும். எத்துணைப் பெரும்புலவனாயினும் தன்னூற் சிறப்பைத் தானே எடுத்துரைத்தல் ஒவ்வாது. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்னும் நால்வருள் ஒருவரே அது செய்தற்குரியர். ஒரு நூலுக்கு அதனை இயற்றியோனல்லாத பிறிதொருவர் பிணை நிற்றல் வேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

அரங்கேற்றம் என்பது புகழ்மாலை சூட்டும் விழா மாத்திரமன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறிற்று என்பது அதன் சிறப்புப் பாயிரத்தான் அறியப்படும். அவ்விடத்து நச்சினார்க்கினியர் ஒரு வரலாறு கூறுவர். தம் மாணாக்கரோடு பிணங்கியிருந்த அகத்தியனார் அந்நூலைக் கேளற்க என அதங்கோட்டாசானைத் தடுத்தனர். தொல்காப்பியரோ கேட்டருளல் வேண்டும் எனப் பன்முறை வேண்டினர். இருவர் சொல்லையும் மறுக்கலாற்றாத ஆசான், நூல் முழுதினும் குற்றங் கூறி விடுப்பல் எனத் துணிந்து இருந்து கேட்டனர். அவர் கூறிய குற்றங்கட்கெல்லாம் விடை பகர்ந்த பின்னரே நூல் அவையேறிற்று. இக்கதை நிகழ்ந்தவாறு யாதாயினும் ஆகுக. குற்றங்காணும் கருத்தோடு கேட்பார் ஒருவர் முன் நின்று நிலைபெறுதலே நூலுக்கு உரைகல் என்னும் கொள்கை இதனால் இனிது விளங்கும்.

சைவ வுலகில் அரங்கேற்றத்தின் பெருமைக்குத் திருத்தொண்டர் புராணமே தலையாய சான்று. அநபாயன் எனப்பட்ட இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133-1150) காலத்து அமைச்சராயிருந்த சேக்கிழார் பெருமான், அரசியற் பொறுப்பை விடுத்துத் தில்லையை அடைந்து, கூத்தப்பெருமான் முதலெடுத்துக் கொடுத்தருள அப்புராணத்தைப் பாடினர். பாடியதை ஆயிரக்கால் மண்டபத்தே ஒரு சித்திரைத் திருவாதிரையிற் றொடங்கி மறு சித்திரைத் திருவாதிரையில் நிறைவு செய்தனர் என்று அவர்தம் வரலாற்றைக் கூறும் புராணம் உரைக்கின்றது. நூலையும் ஆசிரியரையும் யானைமேலேற்றி, அரசன் தானும் உடனேறி நின்று கவரி வீசினான் என்பதனை அறியாத சைவர் இலர். ஆயினும் யானையையும் கவரியையும் நினைந்து மகிழும் நாம் அவ்வோராண்டை நினைத்தல் அரிது. அரசனும் அடியாரும் தில்லைவாழந்தணரும் ஓராண்டு முழுதும் இருந்து செவிமடுத்தனர் என்பதே அந்நூல் பெற்ற மெய்யான சிறப்பாகும்.

காஞ்சிக் குமரகோட்டத்தே கந்தபுராணம் அரங்கேறியபோது நிகழ்ந்ததாக வழங்கும் வரலாறும் இக்கருத்தையே வலியுறுத்தும். காப்புச் செய்யுளின் முதற்றொடரிலே, ‘திகழ்’ என்பதும் ‘தசம்’ என்பதும் புணர்ந்த புணர்ச்சிக்கு விதி எங்கே என அவையோர் வினவினர். கச்சியப்ப சிவாசாரியர் முருகப்பெருமானே அடியெடுத்துக் கொடுத்தது எனக் கூறியும் அவர்கள் அமையவில்லை. மறுநாட் சோழநாட்டுப் புலவர் ஒருவராய் அப்பெருமான் எழுந்தருளி வீரசோழியத்தில் விதி காட்டியருளினன் என்பர். இறைவன் வாக்கேயாயினும் இலக்கணம் காட்டிய பின்னரே ஏற்போம் என ஓரவை கூறிற்றாக நம்மவர் பத்தியுடன் போற்றி வருகின்றனர். அருளும் ஆராய்ச்சியும் தம்முள் மாறுபடா என்னும் தெளிவு அன்றி இதற்குப் பிறிது காரணம் யாது?

இம்மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் வழுவாது நின்றது. திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) பல தலங்கட்குப் புராணம் பாடினர். சிறிது நேரம் சிந்தித்திருந்து அவர்கள் செய்யுட்களை மடைதிறந்தாற்போற் சொல்லிக்கொண்டே செல்வதும், மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுத்தாணி ஓடத் தொடர்ந்து எழுதுவதும் வழக்கம். இங்ஙனம் உருவாகிய புராணம் அவ்வத்தலத்துத் திருக்கோயிலிலேயே பகுதி பகுதியாகப் படித்துப் பொருள் விரித்து அரங்கேற்றப்படும். செல்வர்கள் சம்மானம் அளிப்பர். ஆயினும் புலவர்பெருமானுடைய வாழ்க்கை பெரும்பாலும் கடன் சுமையோடே கழிந்தது என்பதனை அவர்தம் மாணாக்கராகிய உ. வே. சாமிநாத ஐயர் எழுதிய சரித்திரத்தால் அறிந்து உளம் வருந்துகின்றோம்.

அரங்கேறிய நூலுக்கு ஏடே உடம்பு; அவ்வுடம்பு அழியுந் தன்மையது. தில்லையிற் பூட்டி வைத்த தேவார ஏடுகள் செல்லரித்தழிய எஞ்சியவற்றையே நம்பியாண்டார் நம்பிகள் நமக்குத் தொகுத்தளித்தனர் என்பது திருமுறைகண்ட புராணத்தாற் பெறப்படும். பிற்காலத்து நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் வரகுணபாண்டியன் வைத்திருந்த ஏடுகள் உள எனக் கேள்வியுற்றுச் சென்ற ஐயரவர்களிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயிலிடுதல் ஆகமவிதி. அவ்வாறே செய்துவிட்டோம் என விடை கூறப்பட்டது. படியெடுத்துக் காத்தற்குரிய பொருளை வேள்விப் பொருளாக்கிய இவ்வறியாமைக்கு ஈசனருளிய ஆகமத்தைச் சான்று காட்டியது, சைவராகிய நாம் எக்காலத்தும் நாணி நினைத்தற்குரியது.

இந்நிலையிலேதான் அச்சு வந்தது. 1578-இல் கொல்லத்தே தமிழெழுத்து அச்சேறியது முதலாக நெடுங்காலம் அக்கருவி பெரும்பாலும் கிறித்தவப் பாதிரிமார் கையிலேயே இருந்தது. திருக்குறள் மூலம் 1812-இல் அச்சாயிற்று. அச்சுக்கூடங்கட்கு அரசினர் விதித்திருந்த கட்டுப்பாடுகள் 1835-இல் தளர்ந்த பின்னர் நம்மவர் அச்சுக்கூடங்கள் பல்கின. பொருளுடையார் எவரும் எந்நூலையும் அச்சிடலாம் என்னும் நிலை தோன்றியது. நன்மை பெரிது, இடரும் பெரிது. அரங்கில் கேட்போன் எதிரே இருந்தான். அச்சிலோ அவன் எங்கேயோ இருக்கின்றான். ஏட்டிற் பிழை ஒரு பிரதியோடு நிற்கும். அச்சிற் பிழை ஓராயிரம் பிரதியாய்ப் பரவும். பண்டை ஏடுகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை; எகர ஒகரங்கட்குக் குறில் நெடில் வேற்றுமையில்லை; காலும் ரகரமும் ஒரே வடிவின; செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். இவற்றைப் பகுத்தறிந்து அச்சிற் கொணர்தல் புலமையன்றிப் பொருளால் மட்டும் ஆவதன்று.

இக்குறையை முதற்கண் உணர்ந்து தீர்த்தவருள் தலைசிறந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், கற்பித்தற்குப் பிழையற்ற புத்தகம் இன்மை கண்டு, மறுவருடமே அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டனர். வழியிற் றிருவாவடுதுறையிற் செய்த பிரசங்கமே அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை ஈட்டித் தந்தது. கொண்டு சென்ற யந்திரத்தை வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டு நடத்தினர். 1852-இற் பெரியபுராண வசனத்தை வெளியிட்டனர். செய்யுளைச் சந்தி பிரித்தும், வசனத்தில் நிறுத்தக் குறிகளை இட்டும், கற்போர்க்கு எளிதாக்கினர். நாவலர் பதிப்பு என்றாற் பிழையில்லை என்று புலவரும் நம்பும்படி அவர் பெயரே ஒரு சிறப்புப் பாயிரமாயிற்று.

அவர் வழியில் வந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை (1832-1901) வீரசோழியம் (1881), தணிகைப்புராணம் (1883), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்தனர். அவருடைய பதிப்புரைகள் எழுத்துத் தொழிலின் வரலாற்றிலே தனியிடம் பெறுவன. தொட்ட அளவில் ஓரம் உதிர்ந்தும், கட்டவிழ்க்க முறிந்தும் போகும் ஏடுகளைத் தாம் பட்ட பாட்டோடு அவர் அங்கே எடுத்துக் கூறியுள்ளார். இன்னும் சில ஆண்டு தாழ்ப்பின் இந்நூல்கள் எஞ்சா என்னும் கவலையே, குறைபாடுகள் இருப்பினும் துணிந்து அச்சிட அவரைத் தூண்டியது.

சாமிநாத ஐயர் (1855-1942) வரலாறோ எல்லாரும் அறிந்தது. 1880-இற் கும்பகோணத்திற் சேலம் இராமசாமி முதலியார் வினவிய வினாவே அவரைப் பழந்தமிழ் நூல்களின்பாற் றிருப்பியது. முதலியார் கொடுத்த சீவகசிந்தாமணியை ஆராயத் தொடங்கிய அவர், சமண நூற்பொருளைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளிற் சென்று கேட்டுத் தெளிந்தனர். அவருக்குத் துணை நின்றவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் என்பது நாம் பெருமிதத்தோடு நினைத்தற்குரியது. புறச்சமய நூலாயினும் தமிழ்நூல் அழியலாகாது என்னும் அகன்ற உள்ளம் சைவமடத்தின்கண் இருந்தது. அன்பரிடம் கையொப்பம் வாங்கிச் சேர்த்த பொருளாற் சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்பன தொடர்ந்தன. பிரதிகளை உதவினோர் பெயரையும், பாடபேதங்களையும் அவர் தம் பதிப்புக்களில் மறையாது காட்டினர்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். பாடபேதம் காட்டுதல் என்பது யாது? எனக்குக் கிடைத்தவை இவை, யான் கொண்டது இது, நீவிரே ஆராய்ந்து முடிவு செய்க எனப் படிப்போரை அவையாக்கி அவர்முன் நிற்றலேயாம். பதிப்புரை யாது? நூல் வந்த வழியும், பதித்த காலமும் களமும் காரணமும் கூறுகின்ற புதிய பாயிரமேயாம். நல்லாசிரியர் கையில் அச்சேற்றம் அரங்கேற்றத்தை அழித்திலது. ஓர் ஊர் அவையை உலகவையாக விரித்தது. அவ்வவையில் அதங்கோட்டாசானுடைய இருக்கை இன்று படிப்போர் ஒவ்வொருவர்க்கும் உரியது.

அவ்விருக்கையில் நாம் அமர்கின்றோமா என்பதே வினா. இக்காலத்திற் கணினித்திரையில் ஒரு திருப்பதிகத்தை நொடிப்பொழுதிற் படியெடுத்து ஊரெங்கும் அனுப்புகின்றனர். எப்பதிப்பினின்று எடுத்தது, யார் பரிசோதித்தது என்னும் குறிப்பு அதனோடு செல்வதில்லை. ஓரெழுத்துப் பிழையாற் பொருள் திரிந்த பாடம் உண்மைப் பாடம் போல ஓதப்படுகின்றது. ஏட்டைத் தீயிலிட்டார் செய்த பிழை கண்ணுக்குத் தெரிந்தது. பாடத்தைச் சிறிது சிறிதாகத் திரித்தழிக்கும் இப்பிழை கண்ணுக்குத் தெரியாதது. ஆதலின் பதிகம் ஓதுவோர் நற்பதிப்பொன்றை வைத்து ஒப்புநோக்குக. வெளியிடுவோர் மூலப்பதிப்பின் பெயரையும் ஆண்டையும் குறிக்க. பிழை கண்டோர் அதனை அன்புடன் அறிவிக்க. அறிவிக்கப்பட்டோர் சினவாது திருத்துக. ஓராண்டு இருந்து கேட்ட தில்லையவையின் வழிவந்தோம் என்னும் பெயர் நமக்கு அப்போதுதான் தகும். அதற்குத் தில்லைக்கூத்தன் திருவருள் முன்னிற்பதாக.