மூவர் விளையாட்டில் இருவர்: ‘நைட்ரெய்ன்’ பற்றி ஆட்டக்காரர்கள் ஏன் முரண்படுகிறார்கள்?

1977 கலவரத்துக்குப் பிறகு ஹேவாஹெட்டவை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது பெரியப்பா குடும்பம். 2009இல் அந்த வீட்டில் மிஞ்சியது அண்ணா ஒருவர்தான். அவர் இப்போது ரொறன்ரோவில், நான் இங்கே தேயிலை மலையில். வாரத்தில் ஓர் இரவு இருவரும் இணையவழியாக ‘எல்டன் ரிங் நைட்ரெய்ன்’ விளையாடுகிறோம். கோடையில் எனக்கு இரவு 8 மணி என்றால் அவருக்குக் காலை 10.30.

இது ‘ரோக்லைட்’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. 1980இல் வந்த ‘ரோக்’ என்ற கணினி விளையாட்டில் இறந்தால் எல்லாம் போய்விடும். அடுத்த முறை வழிகளும் மாறியிருக்கும். அதன் வழிவந்த ரோக்லைட்டில், தோற்றாலும் ஏதோ ஒன்று கையில் மிஞ்சும்.

ஜப்பானின் ஃப்ரம்சொஃப்ட்வெயார் நிறுவனம் நைட்ரெய்னை 2025 மே 30இல் வெளியிட்டது. மூன்று பேர் ஓர் அணி. ஒரு சுற்று ஏறக்குறைய 40 நிமிடம். விளையாட்டுக்குள் இரண்டு பகல் ஆயுதம் தேட வேண்டும். நேரம் போகப் போக நிலம் சுருங்கும். ஒவ்வோர் இரவும் பெரிய எதிரி ஒன்று வரும். மூன்றாம் நாள் இறுதிச் சண்டை. தோற்றால் ஆயுதமும் பலமும் போய்விடும். ஆனால் சுற்றில் கிடைத்த சில கற்களை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் கருத்து வேறுபாடு இந்த வேகத்தைப் பற்றியது. 2022இல் வந்த மூல ‘எல்டன் ரிங்’கை ஆறுதலாகச் சுற்றிப் பார்த்து ரசித்தவர்களுக்கு, மணிக்கூடு விரட்டுவது பிடிக்கவில்லை. வேலை முடிந்து வருபவர்களுக்கோ ஒரே இருப்பில் முடியும் சுற்று வசதி.

இரண்டாவது, குரல்வழிப் பேச்சு. விளையாட்டுக்குள் அந்த வசதி இல்லை; வரைபடத்தில் குறியிட்டுத்தான் திசை காட்ட வேண்டும். அந்நியரின் வசவைக் கேட்க வேண்டியதில்லை, மொழி தெரியாதவரோடும் ஆடலாம் என்பது ஒரு பக்கம். அவசரத்தில் குறி போதாது என்பது மறுபக்கம்.

பெரிய வாதம் ஆட்களின் எண்ணிக்கையில். 2020இல் முழுமையாக வெளிவந்த ‘ரிஸ்க் ஒவ் ரெய்ன் 2’இல் ஒருவர் முதல் நால்வர் வரை எத்தனை பேரும் ஆடலாம். நைட்ரெய்ன் வந்தபோது தனியாகவோ மூவராகவோ மட்டுமே ஆட முடிந்தது. தனியாக ஆடியவர்கள் கடினம் என்று முறையிட, சில நாட்களிலேயே அவர்களுக்கு ஒவ்வோர் இரவும் ஒரு தடவை தானாக எழும் வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. இருவர் ஆட்டம் ஜூலை 30இல்தான் சேர்ந்தது. அதுவரை எங்களோடு மூன்றாவதாக யாரோ ஒரு அந்நியர் இருந்தார்.

இருவர் ஆட்டம் வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். அண்ணா சம்மதிக்கவில்லை. இந்த விளையாட்டில் விழுந்த தோழரை எழுப்ப அவர்மீதே அடிக்க வேண்டும். அடிக்கடி விழுந்தால் கூடுதலாக அடிக்க வேண்டும். இருவர் மட்டும் என்றால், ஒருவர் விழுந்ததும் எதிரியையும் விழுந்தவரையும் மற்றவர் தனியாகப் பார்க்க வேண்டும். “விழுந்தா தூக்கிறதுக்கு இன்னொரு ஆள் இருக்கட்டும். ஆரெண்டாலும் பரவாயில்லை” என்றார் அண்ணா. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

வெளிநாட்டு உறவினரோடு ஆட நினைப்பவர்கள் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினியில் ஆடுபவரும் பிளேஸ்டேஷனில் ஆடுபவரும் இதில் ஒன்றுசேர முடியாது. இருவரிடமும் ஒரே வகைக் கருவி இருக்க வேண்டும். பேசுவதற்குக் கைபேசியில் வட்ஸ்அப் அழைப்புப் போதும். தீயும் வெடிச்சத்தமும் நிறைய உண்டு. அண்ணா ஒலியை நன்றாகக் குறைத்துவிட்டுத்தான் ஆடுகிறார். என் குரல் மட்டும் கேட்டால் போதுமாம்.