ஒரே நாளில் கட்சி மாறிய கடற்படைத் தளபதி

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு ஆளைப் பத்திதான் பேசப்போறேன். பெயர் டெனிஸ் பெரெசோவ்ஸ்கி. 2014 மார்ச் 1, உக்ரைனின் தற்காலிக அதிபர் துர்ச்சினோவ் இவரைக் கடற்படைத் தளபதியாக நியமிக்கிறார். மறுநாளே செவஸ்தபோலில் கேமராக்களுக்கு முன்னால, கிரிமியாவின் புதுப் பிரதமர் அக்சியோனோவ் பக்கத்துல நின்னு, கிரிமிய மக்களுக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி எடுக்கிறார்.

கவனிங்க, ரஷ்யாவுக்குன்னு அவர் சொல்லலை. அடையாளச் சின்னம் இல்லாத பச்சை உடை வீரர்கள் தெருவெல்லாம் நின்னாலும், அவங்க நம்ம ஆட்களே இல்லைன்னு மாஸ்கோ சாதிச்சிட்டிருந்த நேரம் அது. அதனால 'கிரிமிய மக்கள்' ரொம்ப வசதியான வார்த்தை.

கீவ் உடனே அவரை நீக்கி, தேசத்துரோக வழக்குப் போட்டது. செர்ஹி ஹைடுக் புதிய தளபதி. எனக்கு இந்தக் கதையில முக்கியமாப் படுறது மார்ச் 3-ம் தேதிதான். பெரெசோவ்ஸ்கி கடற்படைத் தலைமையகத்துக்கே திரும்பி வந்து, தன் பழைய அதிகாரிகளைக் கூப்பிடுறார்: இந்தப் பக்கம் வாங்க, பதவி அப்படியே இருக்கும், சம்பளமும் நிக்காது. அதே இடத்துல ஹைடுக் எழுந்து, பெரெசோவ்ஸ்கியை நீக்கிய உத்தரவை வாசிக்கிறார். அதிகாரிகள் உக்ரைன் தேசிய கீதம் பாடினாங்க.

சினிமா மாதிரி இருக்குல்ல? ஆனா கதை அங்க முடியலை.

செவஸ்தபோல் சாதாரண ஊர் இல்லை. சோவியத் உடைஞ்சதும் கருங்கடல் கப்பற்படையை 1997-ல ரெண்டு நாடும் பிரிச்சுக்கிட்டாங்க. ஆனா ரெண்டு கடற்படையும் ஒரே துறைமுகத்துலதான் இருந்துச்சு. ஒரே கடைத்தெரு, ஒரே பள்ளிக்கூடம், சம்பந்தி வீடுகூட எதிர்க் கடற்படையில இருக்கும். ரஷ்யச் சம்பளம் பல மடங்கு அதிகம். வீடும் குடும்பமும் அங்கேயே. 'துரோகி' என்ற ஒரே சொல்லுல இவங்க எல்லாரையும் அடைக்க என்னால முடியலை. ஆனா பெரெசோவ்ஸ்கி சாதாரண மாலுமி இல்லை, தளபதி. அந்தச் சலுகையை அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 16 வாக்கெடுப்பு, 18-ல் இணைப்பு ஒப்பந்தம். 19-ம் தேதி தலைமையகத்துக்குள்ள கூட்டம் புகுந்தது. ஹைடுக்கைப் பிடிச்சுட்டுப் போய், மறுநாள் விட்டாங்க. 24-ம் தேதி பெரெசோவ்ஸ்கி ரஷ்யக் கருங்கடல் கப்பற்படையின் துணைத் தளபதி.

கிரிமியாவில் இருந்த சுமார் 20,000 உக்ரைன் வீரர்கள்ல, வெளியேறி வந்தது ஏறக்குறைய 6,000 பேர்தான்.