மாதவியின் இரண்டாவது கடிதம்



சித்திரைப் பௌர்ணமி என்றால் எங்கள் கூடலூர், கம்பம் பக்கம் எல்லோர் கண்ணும் மங்கலதேவி மலை மேல்தான். கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அனுமதி. பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுபவர்கள் ஒரு பக்கம், குமுளியிலிருந்து ஜீப்பில் வருபவர்கள் ஒரு பக்கம். இறங்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "எல்லாம் அந்த மாதவியால வந்த வினை." வகுப்பில் நானும் பல வருடம் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். மயக்கியவள் மாதவி, மயங்கியவன் கோவலன், அழிந்தது ஒரு குடும்பம் என்று. ஓய்வுக்குப் பிறகு சிலப்பதிகாரத்தைத் தேர்வுக்காக இல்லாமல் படித்தபோது அது தவறு என்று பட்டது.

மாதவி அரங்கேறியபோது அவளுக்கு வயது 12. ஏழாண்டுப் பயிற்சி. சோழ மன்னன் பரிசாகக் கொடுத்த மாலையின் விலை 1008 கழஞ்சுப் பொன். கழஞ்சுக்கு 5 கிராம் என்று வைத்தால் இன்றைக்கு 630 பவுன். அந்த மாலையை வாங்குபவன் மாதவிக்கு உரியவன் என்று ஒரு கூனி நகர வீதியில் கூவி விற்கிறாள். கோவலன் வாங்குகிறான். ஆக, தன்னை யார் கொள்வது என்பதில் அந்தச் சிறுமிக்குப் பேச்சே இல்லை. அழகுக்கு விலை வைத்தவர்கள் வேறு, பழி சுமந்தவள் வேறு.

ஆனாலும் அவள் அவனை உண்மையாகவே நேசித்தாள். மணிமேகலை பிறந்தாள். பிரிவு வந்தது ஒரு பாட்டால். இந்திர விழா முடிந்து கடற்கரையில் இருவரும் இருக்கிறார்கள். (அந்த விழா தொடங்கியதும் ஒரு சித்திரைப் பௌர்ணமியில்தான்.) யாழை வாங்கிக் கோவலன் பாடியதில் வேறொருத்தி மேல் ஆசை இருப்பதாக மாதவிக்குத் தோன்றியது. ஊடலில் அவளும் அதேபோல் ஒரு குறிப்பு வைத்துப் பாடினாள். அவள் பாடியது விளையாட்டு என்று அவனுக்குத் தோன்றவில்லை. மாயக்காரி என்று எழுந்து போய்விட்டான். தான் பாடினால் கலை, அவள் பாடினால் துரோகம்! தாழை மடலில் அவள் எழுதி அனுப்பிய முதல் கடிதத்தை வாங்கவும் மறுத்தான். ஆடல்மகள், நடிக்கிறாள் என்றான்.

இரண்டாவது கடிதம்தான் என்னை நிறுத்தியது. கண்ணகியோடு மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் என்ற அந்தணன் அதைக் கொண்டுவந்து கொடுக்கிறான். முத்திரையில் ஒட்டியிருந்த அவள் கூந்தல் நெய்யின் மணம் கோவலனைப் பழைய நாட்களுக்கு இழுத்துப்போகிறது. பிரித்தால், உள்ளே குறை ஒன்றும் இல்லை. பெற்றோரை விட்டு, குலமகளோடு இரவோடிரவாகப் புறப்படும்படி நான் என்ன பிழை செய்தேன், பொறுத்தருள வேண்டும் என்ற கேள்வியும் வேண்டுதலும்தான். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, அவள் மேல் தீதில்லை, தீது தன்னுடையது என்று. ஆனால் பதில் எழுதவில்லை. அந்த ஓலை தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது, அவர்களிடம் காட்டு என்று கௌசிகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தான். மதுரையில் சிலம்பு விற்கப் போனான். மீதி எல்லோருக்கும் தெரியும்.

கண்ணகி மதுரையை எரித்துவிட்டு வையைக் கரையோடு மேற்கே நடந்தாள் என்கிறது காப்பியம். ஆற்றை எதிர்த்து நடந்தால் நம் தேனிப் பக்கம்தானே வரும்! 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அந்த வழியை ஆராய்ந்துதான் இந்த மலைக் கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று சொன்னார். வேங்கை மர நிழலில் நின்றவளை மலைக்குறவர் கண்டார்கள். சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் எடுத்தான்.

புகாரில் நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. கோவலன், கண்ணகி இருவரின் தாய்மாரும் செய்தி கேட்டு உயிர்விட்டார்கள். தந்தையர் துறவு பூண்டார்கள். மாதவியும் துறந்தாள். துறக்கும்போது தன் தாயிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: மணிமேகலை கணிகைக் கோலம் காணக்கூடாது.