மின்சாரமில்லாத ஊரில் மின்னியல் படித்தோம்

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். பாடத்திட்டம் மட்டும் மாறவில்லை. மின்னும் காந்தமும் பரீட்சையில் வந்தே தீரும்.

எங்கள் பௌதிகவியல் ரீச்சர் ஒருநாள் தமது சைக்கிளை வகுப்பறைக்குள் உருட்டி வந்தார். ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றும்படி எங்களிடம் சொன்னார். தைனமோவினுள் காந்தம் சுழல, சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு முன்விளக்கு எரிந்தது. 1831இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை அன்று நேரில் கண்டோம். விளக்கின் வயரைக் கழற்றியதும் பெடல் இலேசானது. திரும்ப மாட்டியதும் பாரமானது. "அந்தப் பாரம்தான் பிள்ளையள் லென்சின் விதி" என்றார். ஊரே வானொலிச் செய்தி கேட்டதும் இத்தகைய தைனமோக்களின் தயவில்தான்.

1995 ஒக்ரோபர் இறுதியில் இடம்பெயர்ந்தபோது எங்களிற் பலர் கொப்பிகளைக்கூட எடுத்துவரவில்லை. ஆனாலும் பின்னர் பரீட்சை மண்டபத்தில் அந்தக் கேள்விக்கு விடை எழுத முடிந்தது.

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கானில் உடலிலிருந்து வரும் சமிக்ஞையைச் சுருள் ஏற்பதும் அதே தூண்டலால்தான். மருத்துவர்களான நாங்கள் இளையவர்களுக்கு அதை விளக்கும்போது சைக்கிளிலிருந்தே தொடங்குகிறோம்.

ரீச்சருக்கு அன்று நாங்கள் நன்றி சொல்லவில்லை. இம்மலரில் சொல்கிறோம். ஆய்வுகூடத்துக்கு உதவ எண்ணும் பழைய மாணவிகளே, புதிய கருவிகளோடு ஒரு சைக்கிள் தைனமோவும் வாங்கிக் கொடுங்கள்.