ஊர்க் கிணறும் பொது நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியில் மாத்திரம் ஓடிக் கோடையில் வறண்டுவிடும். ஆயினும் இங்கே தோட்டமும் கோயிலும் பள்ளிக்கூடமும் குடியிருப்பும் நெருங்கி வளர்ந்தன. இதற்குக் காரணம் நிலத்தடி நீரும், அதனை எமக்களித்த கிணறுகளுமேயாம். ஆதலின் எம்மூர்களின் வரலாற்றை அறிய விரும்புவோர் கிணற்றின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

முன்னாளில் அறஞ்செய்ய விரும்பியோர் தெருவோரத்திலே மடம் அமைத்தனர். கட்டடத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வழிப்போக்கர் தாகந் தீர்க்கக் கிணறும், வண்டில் மாடுகள் நீரருந்தக் கல்தொட்டியும், அவை உடம்பை உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கல்லும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும் ஆங்காங்கே அமைத்தனர். பருத்தித்துறையிலே வீதிக்கு மேற் கூரையிட்டு நிற்கும் தெருமூடிமடம் அக்காலத்து அறச்சிந்தைக்குச் சான்றாகும். இவை எல்லாவற்றுள்ளும் கிணறே தலையாயது. கூரை சிதைந்த மடத்திலும் ஓரிரவு தங்கலாம். நீரில்லாத மடத்தில் யார் தங்குவர்?

கிணறு தோண்டுதல் எளிய வேலையன்று. மேலே மண், அதன் கீழே சுண்ணாம்புக் கல். மாரி மழை அக்கல்லின் வெடிப்புக்களாலும் பொந்துகளாலும் இறங்கித் தேங்குகின்றது. அலவாங்கும் பிக்காசும் கொண்டு அக்கல்லை உடைத்தே நீரைக் காண வேண்டும். கோடை முற்றிய ஆவணி, புரட்டாதி மாதங்களே தோண்டுதற்குத் தக்க காலம். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் அந்நாளிற் காணும் ஊற்று ஆண்டு முழுவதும் உதவும். தோண்டியபின் வாயைக் கல்லாற் கட்டி, ஆடுகால் நாட்டித் துலா பூட்டுவர். தோட்டக் கிணறாயின் ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார்.

ஆழமாகத் தோண்டினால் நீர் மிகுமென்று சிலர் எண்ணுவர். அதற்கு விடை புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரையிற் கிடைக்கின்றது. இலங்கையிலே குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் புத்தூர்க் கிணற்றைக் குறிப்பிட்டுள்ளார். அதன் ஆழம் 140 அடிக்கு மேலென்றும், மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் அடியிலே கடும் உப்புநீரும் உள்ளனவென்றும், வயல்களுக்கு நீர் பாய்ச்ச நிறுவிய நீராவி இயந்திரத்தாலும் நீர்மட்டத்தைக் குறிப்பிடத்தக்க அளவு தாழ்த்த முடியவில்லையென்றும் அவர் எழுதினார்.

இதன் காரணம் பின்னர் விளங்கிற்று. கடல் சூழ்ந்த நிலத்தில் நன்னீர், தன்னிலும் பாரமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய காலத்திலே கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் இதற்குக் கணக்குக் கண்டனர். அக்கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறையுமாயின் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவர வழி பிறக்கும். அளவறிந்து தோண்டி, அளவறிந்து இறைப்பவனே நல்ல நீரை நெடுநாட் காப்பான்.

இதிலே இன்னுமோர் உண்மை உண்டு. நிலத்தின் மேலே வேலிகள் பல. நிலத்தின் கீழே நீர் ஒன்று. இதனை எம் முன்னோர் அனைவரும் உணர்ந்து நடந்தனர் என்று சொல்லுதற்கில்லை. வழிப்போக்கனுக்குக் கிணறு வெட்டிய அதே சமுதாயத்திலே, சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்கள் கிணற்றைத் தொடவும் விடப்படவில்லை. யாரேனும் வந்து வார்க்கும்வரை அவர்கள் குடத்தோடு காத்து நின்றனர். எழுத்தாளர் கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். சாதி காரணமாகச் சமூக உரிமைகளை மறுத்தல் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தாற் குற்றமாயிற்று. எனினும் வழக்கம் உடனே ஒழியவில்லை.

துலா நின்ற இடங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் இறைப்பு மிகுந்தது. உரமும் மலக்குழிக் கழிவும் கல்லின் வெடிப்பால் இறங்குவதாற் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். சுன்னாகம் வட்டாரக் கிணறுகளிலே மின்னிலையக் கழிவெண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. ஓரிடத்தில் ஊற்றியது பலர் வீட்டுக் கிணற்றிலே தோன்றியமை, அடிநீர் ஒன்றென்பதற்குக் கசப்பான சான்றாகும்.

இளைஞர்களே! வாசிகசாலைக்கோ பாலர் பள்ளிக்கோ கிணறு வெட்ட முன்வருவீராயின், மலக்குழிக்குத் தூரமான இடத்தைத் தேர்ந்துகொள்க. நீரைப் பரிசோதித்த பின்னரே பருகக் கொடுக்க. கட்டை உயர்த்திக் கழிவுநீர் உள்ளே திரும்பாது காக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னார் அள்ளலாம், இன்னார் அள்ளலாகாது என்னும் பேச்சு அக்கிணற்றடியில் எழாதிருக்கச் செய்க. பெரியோர்களும் இதற்குத் துணைநிற்பாராக. கொடுத்தவர் பெயரைக் கல்லிலே பொறிப்பது வழக்கம். அங்கு வந்தவர் எவரும் தாகத்தோடு திரும்பாமையே அவ்வறத்தின் நிறைவாகும்.