தனிக்குடித்தனம் போன கம்பைலர்

பழைய லினக்ஸ் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றது. 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 கெர்னலோடு கூடவே வந்த குறிப்பு அது. கெர்னலைக் கட்ட எந்தக் கம்பைலர் நல்லது என்று அதில் இருக்கிறது: இஜிசிஎஸ் 1.1.2. நம்பிக்கையா ஓடணும்னா இதையே வச்சுக்கோங்கங்கற தொனியில்.

இதுல என்ன விசேஷம்னு கேக்கலாம். அதற்கு மூணு வருஷம் சொச்சம் முன்னால் இஜிசிஎஸ் பிறந்தபோது, தன்னைச் சோதனை முயற்சி என்று அதுவே சொல்லிக்கொண்டது. அதுவும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போன பிள்ளை.

தாய்வீடு ஜிசிசி. நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்டார். உரிமை அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடம். கட்டற்ற மென்பொருள் உலகத்தில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் இருந்தன. லினக்ஸும் அதில் ஒன்று.

1995 நவம்பரில் ஜிசிசி 2.7.2 வந்தது. அடுத்த பெரிய வெளியீடான 2.8.0 வந்ததோ 1998 ஜனவரியில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும்தான். அதே நேரத்தில் வெளியே உலகம் ஓடிக்கொண்டிருந்தது. சி++ மொழிக்கான சர்வதேசத் தரம் முடியும் தறுவாயில் இருந்தது. ஜிசிசியின் சி++ அதற்கு ரொம்பப் பின்னால் நின்றது. ஃபோர்ட்ரான் மொழிக்கான ஜி77 தயாராக இருந்தும் ஜிசிசிக்குள் சேரவில்லை. வேண்டுமென்றவர்கள் ஜிசிசி மூலநிரலை இறக்கி, அதன்மேல் ஜி77-இன் ஒட்டைப் போட்டு, தாங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போது ஜிசிசியைப் பராமரித்தவர் ரிச்சர்ட் கென்னர். அவரைச் சோம்பேறி என்றோ பிடிவாதக்காரர் என்றோ சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கு. சாதாரண நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் மட்டும் கெடும். கம்பைலரில் பிழை இருந்தால் அதை வைத்துக் கட்டிய எல்லாமே கெடும். ஜிசிசி பலவகைச் சில்லுகளுக்கு நிரல் உருவாக்குகிறது. ஒன்றை வேகப்படுத்தும் மாற்றம் இன்னொன்றை உடைக்கலாம். லினக்ஸ் 2.0 கெர்னலையே எடுத்துக்குங்க. அதைக் கட்ட 2.7.2 வகைக் கம்பைலர்தான் பாதுகாப்பு. புதியவை இன்னும் தீவிரமாக மேம்படுத்தல் செய்ததால், கெர்னலின் அசெம்பிளி வரிகளில் ஒளிந்திருந்த தப்புகள் வெளியே வந்தன. தப்பு கெர்னலுடையது. ஆனா திட்டு கம்பைலருக்குத்தானே விழும்?

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். ஒருவர் ராத்திரி கண்விழித்து ஒரு மாற்றம் எழுதி அனுப்புகிறார். அது காத்திருக்கிறது. ஆறு மாசத்தில் அடியில் இருக்கும் மூலநிரல் மாறிவிடுகிறது, ஒட்டு பொருந்தவில்லை. திரும்ப எழுதணும், திரும்பக் காத்திருக்கணும். சம்பளம் இல்லாத வேலையில் கிடைக்கும் கூலி ஒன்றே ஒன்று: நாம் செய்தது உள்ளே போவது. அதுவும் இல்லைன்னா யார் இருப்பாங்க? நிலைத்தன்மையா புதுமையா என்று பேசிக்கொண்டாலும், காத்திருப்பதன் செலவை யார் சுமப்பது என்பதே அடியில் இருந்த கேள்வி என்று எனக்குப் படுகிறது. போதாக்குறைக்கு, வளர்ச்சி நிலையில் இருந்த மூலநிரல் அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே கிடைத்தது. தன் ஒட்டு எங்கே நிற்கிறது என்று வெளியே இருப்பவர் பார்க்கக்கூட முடியாது.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். முட்டுக்கட்டை போடுபவர் இல்லாவிட்டால் தேர் யார் வீட்டுக்குள்ளாவது புகுந்துவிடும். கட்டையை எடுக்கவே மாட்டேன் என்றால் ஊரார் வடத்தை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

1997 ஆகஸ்டில் விட்டுவிட்டுப் போனார்கள். சிக்னஸ் நிறுவனத்தின் பொறியாளர்களும் ஃபோர்ட்ரான், லினக்ஸ் ஆட்களும் சேர்ந்து இஜிசிஎஸ் திட்டத்தை அறிவித்தார்கள். மூலநிரலை யார் வேண்டுமானாலும் அன்றாடம் எடுத்துப் பார்க்கலாம். டிசம்பரிலேயே 1.0 வந்தது, ஜி77-உம் கூடவே.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் அடுத்து வருவது. சமையலைத் தனியாக வைத்தார்களே ஒழிய பாகப்பிரிவினை கேட்கவில்லை. புதிதாக எழுதியவற்றின் பதிப்புரிமையையும் அறக்கட்டளைக்கே எழுதிக்கொடுத்தார்கள். தாய்வீட்டில் வந்த திருத்தங்களையும் அவ்வப்போது எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வர வாசல் திறந்தே இருந்தது. 1991-ல் ஈமாக்ஸ் எடிட்டரிலிருந்து பிரிந்த லூசிட் ஈமாக்ஸ் (பின்னாளில் எக்ஸ்ஈமாக்ஸ்) கடைசிவரை ஒன்று சேரவில்லை. அதன் பல பகுதிகளுக்கு இப்படிப்பட்ட உரிமைப் பத்திரம் இல்லாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

1999 ஏப்ரலில் அறக்கட்டளை இறங்கிவந்து இஜிசிஎஸ் ஆட்களையே ஜிசிசியின் அதிகாரபூர்வப் பராமரிப்பாளர்களாக ஏற்றது. இஜிசிஎஸ் 1.2 என்று வரவேண்டியது ஜூலையில் ஜிசிசி 2.95 என்ற பெயரில் வந்தது. எந்தத் தனிநபரோ நிறுவனமோ திட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வழிகாட்டுக் குழுவும் நிலைத்தது.

கென்னர் தோத்துட்டார்னு முடிச்சுடலாமா? எனக்கு அப்படித் தோணலை. சில வருஷத்தில் ஜிசிசி தன் வேலையைக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டது. முதல் கட்டத்தில் பெரிய மாற்றங்கள் வரலாம். கடைசிக் கட்டத்தில் பிழைத்திருத்தம் மட்டும், புதுசு எதுவும் கிடையாது. இன்றும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. அவர் சொன்ன நிதானத்துக்கு வருஷத்தில் சில மாசம் ஒதுக்கியாகிவிட்டது. ஒட்டு அனுப்பியவருக்கும் எப்போது கதவு திறக்கும் என்று தெரியும்.