எட்டு பவுண்டுப் பிழைப்பு

2022இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ என்ற அமெரிக்கத் திரைப்படம், மனிதர் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலிருந்தும் தனியொரு உலகம் கிளைக்கிறது என்ற கற்பனையின்மேல் எழுந்தது. தந்தை சொல்லை மீறி, காதலித்தவனோடு சீனாவை விட்டு வந்த ஈவ்லின் வாங், கலிபோர்னியாவில் காசு போட்டு இயக்கும் சலவை இயந்திரக் கடையை நடத்திக்கொண்டு வருமான வரித் தணிக்கையில் சிக்கித் தவிக்கும் வேளையில், புறப்படாமலே இருந்திருந்தால் தான் பெரும் நடிகையாகியிருக்கக்கூடிய மற்றோர் உலகத்தையும் கண்டுவிடுகிறாள். இயக்குநர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, அமெரிக்கச் சீனர் வரலாற்றில் இரண்டாகப் பிளந்த வாழ்க்கையைச் சொல்லச் சலவைக் கடையைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

சலவை சீனர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த குலத்தொழில் என்று கருதுவது தவறு. குவாங்டாங் மாகாணத்துக் கிராமங்களில் துணி துவைப்பது பெண்களின் வேலையாகவே இருந்தது. 1849இன் தங்க வேட்டையில் பெருகிய சான் பிரான்சிஸ்கோவில் பெண்கள் மிகக் குறைவு. ஆண்களோ துவைப்பதை இழிவாக எண்ணினர். சுரங்கங்களிலிருந்து துரத்தப்பட்டவர்களும், 1869இல் கண்டம் கடந்த ரயில் பாதை முடிந்தபின் வேலையிழந்தவர்களும், சிறு முதலும் சில ஆங்கிலச் சொற்களும் போதுமென்ற இத்தொழிலில் ஒதுங்கினர்.

அங்கும் அவர்களை நிம்மதியாக விடவில்லை. மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகர மேற்பார்வையாளர் குழுவின் அனுமதி வேண்டும் என்று சான் பிரான்சிஸ்கோ 1880இல் விதித்தது. அப்போது அந்நகரின் ஏறத்தாழ 320 கடைகளில் 310 மரக் கட்டடங்களில்தான் இருந்தன. விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி கிட்டவில்லை. மற்றவர்களில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிட்டியது. 22 ஆண்டுகள் ஒரே இடத்தில் கடை நடத்திய ஒருவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறை சென்று தொடுத்த வழக்கில், நடுநிலையாக எழுதப்பட்ட சட்டமும் பாகுபாட்டோடு செயல்படுத்தப்பட்டால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1886இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவருடைய கடையின் பெயரான ‘யிக் வோ’வே வழக்கின் பெயராயிற்று, இன்றும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

கடையைக் காத்த நீதிமன்றம் குடும்பத்தைக் காக்கவில்லை. 1882இன் சீனர் விலக்குச் சட்டம், அதாவது சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த சட்டம், வணிகர்களுக்கு விலக்கு அளித்தது. சலவைக்காரரோ சொந்தக் கடை வைத்திருந்தும் தொழிலாளியாகவே கணக்கிடப்பட்டதால், மனைவியை அழைத்துவர முடியாமற் போயிற்று. பலர் ஊருக்குப் போய் மணம் முடித்துத் தனியே திரும்பினர். பணம் கடல் கடந்து போயிற்று, பிள்ளைகள் தந்தையைக் கடிதத்தில் அறிந்து வளர்ந்தனர். அடுப்பில் காய்ச்சிய இஸ்திரிப் பெட்டியின் எடை எட்டு பவுண்டு, அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதனால் இத்தொழிலை ‘எட்டு பவுண்டுப் பிழைப்பு’ என்றே அவர்கள் அழைத்தனர். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டைகள் பழுப்புத் தாளில் பொட்டலமாகி, சீன எழுத்தில் அடையாளம் குறித்த சீட்டோடு அலமாரியில் அடுக்கப்பட்டிருக்க, அவற்றின் பின்புறத்திலேயே சமையலும் உறக்கமும் நடந்தன. சலவைக்காரர் ஒருவரின் மகனான சமூகவியலாளர் பால் சியூ, சிகாகோவின் இக்கடைகளை ஆராய்ந்து, திரும்பிப் போகும் நாளையே எண்ணியபடி, இருக்கும் ஊரில் வேர்விடாமல் ஆண்டுகளைக் கழிப்பவரைக் குறிக்க ‘தங்கிச் செல்பவர்’ என்ற கருத்தை 1952இல் முன்வைத்தார். போகாத ஊரில் ஒரு வாழ்க்கை, வாழும் ஊரில் மற்றொன்று என்ற நிலை அவர்களுக்குக் கற்பனையாக இருக்கவில்லை.

நியூயார்க்கில் 1933இல் உரிமக் கட்டணமும் ஆயிரம் டாலர் பிணைத்தொகையும் கேட்கப்பட்டபோது, இவர்கள் சங்கம் அமைத்துப் போராடி அப்பிணையை நூறு டாலராகக் குறைக்க வைத்தனர். விலக்குச் சட்டம் 1943இல் நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்கே இடம் ஒதுக்கப்பட்டது. வீட்டுச் சலவை இயந்திரமும் காசு போடும் கடைகளும் பெருகியபின் கைச்சலவை தேய்ந்தது.

ஈவ்லின் கண்ட நடிகை வாழ்க்கையும் ஒரு சலவைக் கடையிலிருந்து முன்பே புறப்பட்டதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் சலவைக் கடை நடத்தியவரின் மகளாக 1905இல் பிறந்த அன்னா மே வாங், 1922இல் ‘தி டோல் ஆஃப் தி சீ’ என்ற வண்ணப் படத்தின் நாயகியானார். அதிலிருந்து சரியாக நூறாண்டு கழித்து ஈவ்லினின் படம் வந்தது. ஆயினும் சீனக் குடியானவர் கதையான ‘தி குட் எர்த்’ 1937இல் படமானபோது, அவர் விரும்பிய நாயகி வேடம் வெள்ளையரான லூயிஸ் ரெய்னருக்குப் போனது. ரெய்னர் அதற்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதும் பெற்றார். ஆசியப் பெண்ணாக அறியப்பட்ட ஒருவரை அவ்விருது முதன்முதலில் எட்டியது 2023இல், ஈவ்லினாக நடித்த மலேசியரான மிஷெல் யோவின் வழியாக; அன்னா மே வாங் மறைந்து அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்க நாணயச்சாலை அவர் முகத்தைக் கால் டாலர் நாணயத்தில் பொறித்தது. சலவைக் கடை இயந்திரங்களின் துளைக்குள் வாடிக்கையாளர்கள் வழக்கமாகப் போடும் காசு அதுவே.